பள்ளி நாடகமும் தொற்றுநோய்த் தடுப்பும்

(முத்தாபுதுப்பேட்டையில் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் முத்தாபுதுப்பேட்டையிலும், அதை அடுத்த மிட்டனமல்லியிலும், பட்டாபிராமிலும் பள்ளி வருகைப் பதிவேடுகளில் விடுப்புக் குறிகள் பெருகத் தொடங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி, சளி எனக் காரணம் எதுவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை கையாலோ, நீராலோ, காற்றாலோ, கொசுவாலோ பரவுபவை. மருத்துவர் வருவது நோய் வந்த பின்பு. வருமுன் காப்பது யார் கடமை என்று கேட்டால், வீடு பள்ளியைப் பார்க்கிறது; பள்ளி வீட்டைப் பார்க்கிறது.

பள்ளிகள் வாளா இருக்கின்றன என்று சொல்வதற்கில்லை. குழாயடிச் சுவரில் கை கழுவும் முறையைப் படிப்படியாகக் காட்டும் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அறிவியல் பாடத்தில் பரவும் நோய்களைப் பற்றிய பகுதி உண்டு. தேர்வில் வினவினால் ஆறாம் வகுப்புப் பிள்ளை முழு மதிப்பெண் பெறும் அளவுக்கு எழுதிவிடும். ஆனால் நண்பகல் மணி அடித்ததும் அதே பிள்ளை கையைக் காற்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு உணவுப் பெட்டியைத் திறக்கிறது. விடைத்தாளுக்கு வந்த அறிவு விரல் நுனிக்கு வந்து சேரவில்லை.

இந்த இடைவெளி ஆன்றோர் அறியாதது அன்று. நல்லறிவு வந்தால் நல்லொழுக்கம் தானே பின்தொடரும் என்றிருந்தால், மும்மணியை மூன்றாக எண்ணியிருக்க வேண்டியதில்லை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று தனித்தனியே வைத்தார்கள். அவற்றுள்ளும் காட்சியை முதற்கண் வைத்தார்கள். அங்கே காட்சி என்பது மெய்ந்நம்பிக்கை. நாடகக் காட்சி அன்று. எனினும் உளம் ஏற்றுக்கொண்ட ஒன்றே ஒழுக்கமாக வேர்விடும் என்னும் அளவில், அவ்வரிசை பள்ளி ஆசிரியர்க்கும் பயன்படுவதே. உளத்தை ஏற்கச் செய்யும் கருவிகளுள் பழையதும் விலை குறைந்ததும் நாடகம். அது தொற்றுநோயைத் தடுக்குமா, தடுக்குமாயின் எவ்வாறு, எங்கே அது தவறிப் போகும் என்பவையே இவ்வுரையின் பொருள்.

இதனைச் சோதித்துப் பார்த்த ஊர்கள் தொலைவில் இல்லை. ஆவடியைக் கடந்து அரக்கோணம் வழியே திருப்பதி செல்லும் ரயிலில் ஏறியவர் சில மணி நேரத்தில் சென்று சேரும் ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டம் அது. 2011இல் அங்கே 14 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. லண்டன் நகரத்தின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினரும் பெங்களூரு புனித யோவான் ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஏழு ஊர்களில் புதிய முயற்சி நடந்தது. ஏழு ஊர்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. 'சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்பார் எவரும் இலர் அல்லவா? ஆதலால் அவர்கள் வாய்மொழியை நம்பவில்லை. வீடுகளில் அமர்ந்து, கழிப்பிடம் சென்று வந்த பின்பும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும், உணவைத் தொடுமுன்பும் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். தொடக்கத்தில் சோப்பு கைக்கு வந்தது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு முறையே.

பின்னர் நாடகம் வந்தது. முயற்சியின் பெயர் 'சூப்பர் அம்மா'. இயங்குபடமும், சிறு நாடகங்களும், ஊரார் முன்னிலையில் உறுதிமொழி ஏற்கும் நிகழ்ச்சியும் அதில் அடங்கும். பள்ளியிலும், அங்கன்வாடியிலும், ஊர்ப் பொதுவிடத்திலும் அவை நடந்தன. ஒரு பக்கம், மகனை நல்ல பழக்கங்களோடு வளர்த்து ஆளாக்கும் கிராமத்துத் தாய். மறுபக்கம், கழுவாத கையாலேயே லட்டுப் பிடிக்கும் ஒரு கோமாளி. பிள்ளைகள் சிரித்தார்கள், சிரித்த வாயே முகம் சுளிக்கவும் செய்தது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கழுவாவிட்டால் நோய் வரும், வயிற்றுப்போக்கு வரும் என்ற அச்சுறுத்தலை அந்த முயற்சி முன்வைக்கவே இல்லை. கிருமிப் பாடம் நடத்தவில்லை. கழுவாத கை அருவருப்பானது, கழுவுதல் நல்ல தாயின் வளர்ப்பு, ஊரில் எல்லாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்னும் மூன்று உணர்வுகளை மட்டும் மேடையில் நிறுத்தியது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது நாடகம் நடந்த ஊர்களில் நூற்றுக்கு 19 முறை சோப்புப் போட்டுக் கை கழுவப்பட்டது; மற்ற ஊர்களில் 4. ஆறு மாதம் கழித்து 37. மற்ற ஊர்களில் 6. பரப்புரை என்றால் முதல் வாரத்தில் உச்சிக்கு ஏறிப் பின்பு தேய்வதே வழக்கம். இங்கே நாடகக்காரர்கள் போன பின்பும் எண் வளர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி செய்வதைப் பார்த்து இந்த வீட்டுக்காரியும் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். ஓராண்டு முடிவில் அது 29 ஆகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடையில் சுருக்கமான வடிவில் அதே முயற்சியைப் பெற்ற ஒப்பீட்டு ஊர்களிலும் அதே 29. ஆய்வு 2014இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியாயிற்று. 37 என்பது நூற்றில் பாதியும் இல்லையே என்று குறை காண்பவர், ஒன்றிலிருந்து புறப்பட்டு வந்த தொலைவைப் பார்க்க வேண்டும். 29க்கு இறங்கியதைக் கண்டவர், ஒருமுறை நாடகம் போட்டு ஆண்டறிக்கையில் எழுதிவிட்டால் போதாது என்பதை உணர வேண்டும்.

சித்தூர் நாடகத்தை அமைத்தவர்கள் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கையாண்டது மெய்ப்பாட்டியலைத்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். லட்டுப் பிடித்த கோமாளி எழுப்பியவை நகையும் இளிவரலும். தாய் எழுப்பியவை பெருமிதமும் உவகையும். பொதுவாக நலவாழ்வுப் பரப்புரைகள் நம்பியிருக்கும் அச்சத்தை அவர்கள் தொடவில்லை. அச்சுறுத்தப்பட்ட பிள்ளை அப்போதைக்குக் கழுவும். அச்சம் தணிந்ததும் மறந்துவிடும். அருவருப்போ நாக்கிலும் விரலிலும் தங்கிவிடுவது.

இவ்விடத்தில் தொல்காப்பியர் மற்றொன்றும் சொல்லிவைத்திருக்கிறார். இளிவரல் பிறக்கும் களங்கள் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. நான்கனுள் ஒன்று பிணி. மேடையில் இளிவரலை எழுப்புவது எளிது. அது எதன்மேல் போய்ப் படிகிறது என்பதே வினா. கழுவாத கையின்மேல் படிந்தால் நோய் குறையும். நோயாளியின்மேல் படிந்தால் நோய் ஒளிந்துகொள்ளும்; ஒளிந்துகொண்டு பரவும்.

தமிழ் மேடைக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா ஊர் ஊராக நடத்திய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை அறியாத மூத்தோர் இருக்க மாட்டார்கள். 1954இல் அது திரைப்படமாகவும் வந்தது. வெளிநாடு சென்று திரும்பிய செல்வந்தன் தாயையும் மனைவியையும் புறக்கணித்துத் தீயொழுக்கத்தில் திரிந்து, தொழுநோயுற்றுத் தெருவுக்கு வருகிறான். நோயுற்ற தன் உருவத்தையே பிறர்க்கு எச்சரிக்கையாகச் சிலை வைக்கச் சொல்லி முடிகிறான். ராதாவின் நடிப்பு ஈடற்றது. அவர் குரலில் இருந்த எள்ளல் போலித்தனத்தையும் பணத்திமிரையும் சுட்டது என்பதும் உண்மை. ஆயினும் அந்நாடகத்தைப் பார்த்து வீடு திரும்பியவர் நெஞ்சில் நோயைப் பற்றித் தங்கியது எது? தொழுநோய் தீயொழுக்கத்தின் தண்டனை என்பது. அது உண்மை அன்று. தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதனை 1873இலேயே கண்டறிந்தார். நெடுநாள் நெருங்கிப் பழகுவதால் பரவக்கூடியது, தொட்டதும் ஒட்டுவதன்று. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து உண்டால் நோய் முற்றும் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே நோய் பிறர்க்குப் பரவும் தன்மை போய்விடும். இத்தனைக்குப் பின்பும் தோலில் உணர்ச்சியற்ற ஒரு தேமலைக் கண்டவர் அதனைச் சட்டைக்குள் மறைத்து வைக்கிறார் என்றால், மருந்துக்கு அஞ்சியா மறைக்கிறார்? அந்தச் சிலைக்கு அஞ்சி மறைக்கிறார்.

ஒரு நாடகத்தின்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது நேர்மை ஆகாது. சமண இலக்கியத்திலும் இக்கருத்து இல்லாமல் இல்லை. யசோதர காவியத்தில் கணவனுக்கு நஞ்சிட்ட அமிர்தமதிக்குத் தொழுநோய் வருவது வினைப்பயனாகவே சொல்லப்படுகிறது. காவியத்தின் நோக்கம் வேறு. அது உயிர்க்கொலையின் விளைவை உணர்த்த வந்த நூல். வினைக் கொள்கை ஒருவர் தம் நெஞ்சைத் தாமே சோதித்துக்கொள்ளத் தரப்பட்டதாகும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கும், வகுப்புத் தோழனுக்குக் காசநோய் கண்டதற்கும் காரணம் சொல்ல அதனை எடுத்தாளுதல் தகாது. பள்ளிக்கு நாடகம் எழுதும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தெளிந்த பின்பே எழுதுகோலைத் தொட வேண்டும்.

நகையிலும் இதே கவனம் தேவை. நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார். பேதைமை கண்டு சிரிக்கும் சிரிப்பு, தானும் அவ்வாறு செய்ததுண்டே என்று சிரிப்பவரையே நினைக்க வைக்கும். எள்ளிச் சிரிக்கும் சிரிப்பு அடுத்தவரைக் காயப்படுத்தும். பள்ளி நாடகங்களில் அழுக்குப் பிள்ளையாக நடிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, வகுப்பிலேயே எளிய வீட்டுப் பிள்ளையை, நிறம் கறுத்த பிள்ளையை முன்னே நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நாடகம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அழுக்கன் என்ற பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளையோடு போகும். அப்படிப்பட்ட நாடகத்தைப் போடாமல் இருப்பதே நன்று.

ஆசிரியர் எழுதிக் கொடுத்து மாணவர் ஒப்பிக்கும் நாடகத்தைவிட, மாணவரே ஆக்கிய நாடகம் ஆழமாகச் செல்லும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று தருகிறது. தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நாத்தால் பகுதியில், 1990களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, லின் டால்ரிம்பிள் என்னும் நாடகப் பேராசிரியரின் முயற்சியால் 'டிராமெய்ட்' என்ற திட்டம் பள்ளிகளில் தொடங்கியது. முதலில் நடிகர் குழு பள்ளிக்கு வந்து ஒரு நாடகம் நடத்தும். மாணவர் கேள்வி கேட்பர். அடுத்து, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பயிற்சி செய்வர். இறுதியில் மாணவர் தாமே நாடகமும் பாட்டும் கவிதையும் ஆக்கிப் பெற்றோரை அழைத்து நடத்திக் காட்டுவர். ஏழு இணை உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணையிலும் ஒரு பள்ளிக்கு அச்சிட்ட கையேட்டை மட்டும் தந்து, மற்றதற்கு நாடகத் திட்டத்தைத் தந்து ஒப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, அறிவிலும் மனப்பான்மையிலும் நாடகப் பள்ளிகளே முன்னேறி நின்றன. கையேடு வாசிப்பவரிடம் மட்டும் பேசும். நாடகத்திலோ, தாயை முன்வரிசையில் இருத்தி மகன் மேடையிலிருந்து பேசுகிறான்; வீட்டில் பேச நா எழாத செய்தியும் அங்கே பேசப்பட்டுவிடுகிறது.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. ஏழாண்டு கழித்து, 1993இல், இதே நகரில் 'நலம்தானா' என்னும் அமைப்பு தோன்றிக் குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் அந்நோயைப் பற்றி நாடகம் நடத்தியது. பார்வையாளரிடம் நாடகத்துக்கு முன்பும் பின்பும் கேள்வி கேட்டு, அவர்தம் அறிவு உயர்ந்திருந்ததை ஓர் ஆய்வும் உறுதி செய்தது. அது 1999இல் வெளியாயிற்று. அமைப்பின் பெயரே ஒரு பாடம்: மேடை ஏறியவுடன் அறிவுரை சொல்லாமல், முதலில் நலம் விசாரிக்கிறது.

இனி முத்தாபுதுப்பேட்டைக்கு வருவோம். விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர் இது. ஆவடியைச் சுற்றிப் படைத்துறை நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் இருப்பதால், பள்ளி வகுப்பறையில் தமிழோடு இந்தியும் தெலுங்கும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். சொல்லால் மட்டும் நகரும் நாடகம் இங்கே பாதிப் பேரைச் சென்று சேராது. செயலால் நகரும் நாடகம் வேண்டும். அதற்கு எங்கும் போய்த் தேட வேண்டாம். இந்த அவையில் இருக்கும் குடும்பங்களுள் பல, வேலையையும் படிப்பையும் நாடி வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து இங்கே வந்து குடியேறியவை. அந்த மண்ணின் கலை தெருக்கூத்து. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் கூத்தின் கட்டியங்காரனே பள்ளி நலவாழ்வு நாடகத்துக்கு ஏற்ற பாத்திரம். அரசனையும் கேலி செய்ய உரிமை பெற்றவன் அவன். தன் பேதைமையால் பிறரைச் சிரிக்க வைப்பவன். அழுக்குக் கை அவன் கையாகவே இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கும் பட்டப்பெயர் வராது. வேடத்தை வாரம் ஒருவர் மாற்றிப் போடலாம். ஆசிரியரே போடுவது இன்னும் நன்று.

டெங்குவைப் பற்றி ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். கட்டியங்காரன் வாடகை வீட்டுத் தரகனாக வருகிறான். அவனுக்குப் பின்னால், வயிறு தாங்கிய பெண் கொசு. ஆவடிப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அவையோர் அறிவர். கொசுவுக்கோ வீட்டுக்கு வீடு இடம் கிடைக்கிறது. மூடாத பீப்பாய், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பெட்டியின் பின்புறம் நீர் சொட்டும் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என ஒவ்வொன்றாகத் தரகன் காட்டுகிறான். சாக்கடை இருக்கிறதே என்கிறான் ஓரிடத்தில். அங்கே போக மாட்டேன், நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று கொசு முகம் திருப்புகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும், முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிய முட்டை நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பனவெல்லாம் பேரம் பேசும் பேச்சிலேயே வந்துவிடும். இறுதி வீட்டில் ஒரு பாட்டி, நீர் பிடித்த கையோடு பீப்பாயை மூடித் துணியால் இறுகக் கட்டியிருக்கிறார். தரகன் கெஞ்சியும் மூடி திறக்கவில்லை. கொசு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறது.

அந்தப் பாட்டியிடம் ஒரு பேரன் கேட்கக்கூடிய கேள்வி, சமண வீடுகளில் உண்மையாகவே கேட்கப்படும் கேள்வி: கொசுவும் ஓர் உயிர்தானே, அதைக் கொல்லலாமா? இதனை நாடகம் தட்டிக் கழிக்கக் கூடாது. திறந்து கிடந்த பீப்பாயில் புழு நெளிந்த பின்பு எதைச் செய்தாலும் உயிர்க்கேடு உண்டு. கொட்டினாலும் உண்டு, மருந்திட்டாலும் உண்டு, விட்டுவிட்டால் தெருப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நீர் பிடித்த அன்றே மூடியிருந்தால் அங்கே பிறப்பும் இல்லை, கொலையும் இல்லை. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதம் என்னும் கவனக்குறைவை அவ்விலக்கணத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூடாத பீப்பாய் அந்தக் கவனக்குறைவுக்குக் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு. பேரனுக்குப் பாட்டி இதை நூல் பெயர் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மூடியைத் தட்டிக் காட்டினால் போதும்.

நீரைத் துணியால் வடிகட்டி அருந்தும் வழக்கத்துக்கும் ஒரு காட்சி ஒதுக்கலாம். நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேராமல் காக்க ஏற்பட்ட அவ்வழக்கம், மனிதரையும் காத்த வரலாறு ஒன்று உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் நோய் முற்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில், தமிழ்நாட்டிலும், மக்களை வாட்டியது. படிக்கிணற்று நீரிலிருக்கும் சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் வழியாக உடலுக்குள் சென்ற புழு, ஓராண்டு வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேற்பட்ட இழையாய்க் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. நீரைத் துணியால் வடிகட்டச் சொன்னார்கள். நோயுற்றவர் கிணற்றில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பாதுகாப்பான நீருக்கு வழி செய்தார்கள். 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்ட நோயாளியோடு அது இந்தியாவில் முடிந்தது. 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இதைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடவும் கூடாது. துணி சைக்ளாப்ஸைத் தடுக்கும். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் துணியின் கண்ணைவிட மிகச் சிறியவை, கடந்துவிடும். வடிகட்டிய பின் காய்ச்சுதலே முறை. நோன்பு நாள்களில் மட்டும் காய்ச்சும் வீடுகள் மழைக்கால நாள் அனைத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மேடைக்குப் பெருஞ்செலவு வேண்டுமே என்று தயங்குவோர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பார்க்கலாம். பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல்; அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். சோழ மன்னன் முன் மாதவி ஆடிய அரங்கின் அளவு அவ்வளவே. இன்றைய ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும். பள்ளித் தாழ்வாரம் போதும். ஒலிபெருக்கி இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் நெருங்கி உட்காருவார்கள். இருபது நிமிட நாடகம், அதன்பின் இருபது நிமிடக் கேள்வி. கேள்வி நேரத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரை அழைத்து வைத்தால், ஆசிரியர்க்குத் தெரியாததைப் பிழையாகச் சொல்ல நேராது. தொழுநோய் விழிப்புணர்வுக்கு ஜனவரி 30, குடற்புழு நீக்கத்துக்கு அதற்கென அரசு குறிக்கும் நாள், கை கழுவுதலுக்கு அக்டோபர் 15 என்று நாட்காட்டியே இடம் தருகிறது. ஆண்டு விழாவில் ஒருமுறை என்பதை விட்டு, மழைக்கு முன் ஒன்று, மழைக்கு நடுவில் ஒன்று, தேர்வுக்கு முன் ஒன்று என வைத்துக்கொள்வது சித்தூர் கற்பித்த பாடத்துக்குப் பொருந்தும்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடுவார்கள். அங்கே சோப்பு இல்லையென்றால், மேடையில் சொன்னது வெறும் வேடிக்கை என்று அந்தக் கணத்திலேயே கற்றுக்கொள்வார்கள். பிறகு எத்தனை நாடகம் போட்டாலும் அப்பாடம் மாறாது. ஆதலால் ஒத்திகைக்கு முன்பே குழாயடியைப் பார்த்துவிட வேண்டும். குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிறதா, நண்பகலில் நீர் வருகிறதா, கழிப்பறைக்கும் குழாய்க்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று பார்க்க வேண்டும். கட்டிச் சோப்பு காணாமற் போகிறது, காக்கை தூக்கிப் போகிறது என்று பள்ளிகள் சொல்வதும் பொய்யன்று. அதற்கு எளிய வழி உண்டு. பழைய தண்ணீர்ப் புட்டியின் மூடியில் சிறு துளையிட்டு, சலவைத் தூளைக் கரைத்த நீரை நிரப்பி, குழாய்க்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். பிதுக்கினால் கைக்கு வேண்டிய அளவு வரும். புட்டிகளை வீட்டிலிருந்து பிள்ளைகளே கொண்டு வரலாம். தூளின் மாதச் செலவைப் பெற்றோர் சங்கமோ அறக்கட்டளையோ ஏற்கலாம். எந்தக் கிழமை எந்த வகுப்பு நிரப்புவது என்ற பட்டியலைக் கட்டியங்காரன் வேடத்துக்கு யார் யார் என்ற பட்டியலோடு சேர்த்தே எழுதி, அதே சுவரில் ஒட்டிவிடலாம்.